யாரோ வீசும் பந்துக்கு எங்கள் ஊர் கடன்படுவதா?

ஐ.பி.எல். தொடங்கிவிட்டால் ஸ்ரீவைகுண்டத்தில் இரவு ஏழரை மணிக்கு மேல் டீக்கடைப் பேச்சே மாறிவிடுகிறது. யார் ஜெயிப்பார்கள் என்று இளைஞர்கள் கேட்பதில்லை. அடுத்த ஓவரில் எத்தனை ரன் என்று கேட்கிறார்கள். ஒரு கையில் ஆட்டம் ஓடும் போன். மறு கையில் பந்தயத் தளத்தின் 'ஐடி' திறந்த போன். பந்து பேட்டில் படும் முன்பே இரண்டாவது போனில் ரேட் மாறிவிடுகிறது.

காரணம் எளிது. போனில் நாம் பார்க்கும் ஆட்டம், மைதானத்தில் நடந்து சில நொடிகள் கழித்து வந்து சேர்வது. பந்தயம் நடத்துபவனுக்கு முடிவு முன்பே தெரியும். பணம் கட்டியவனுக்குப் பின்னால்தான் தெரியும். பகலெல்லாம் வாழைத்தார் சுமந்த கூலி அந்தச் சில நொடிக்குள் கைமாறிப் போகிறது.

இது தடை செய்யப்பட்ட தொழில். இது நம் தெருவில் நடக்கிறது. இதைத் தடுக்கச் சம்பளம் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம்தான் கேட்கிறோம்.

முதலில், எதை விற்கிறார்கள் என்று பார்ப்போம். விற்கப்படுவது ஒரு பந்துவீச்சாளனின் தொடக்கத் தடுமாற்றம். "ரெண்டு மேட்சா அடி வாங்குறான். இன்னைக்கும் வாங்குவான். அவன் ஓவர்ல போடு." டெலிகிராமில் ஓடும் வாக்குறுதி இவ்வளவுதான். இதற்குக் 'கணிப்பு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதற்குச் சந்தாவும் வாங்குகிறார்கள்.

இந்தக் கணிப்பின் தகுதியைச் சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம். 2024 ஐ.பி.எல். தொடரை எடுத்துக்கொள்வோம். மிட்செல் ஸ்டார்க்கை கொல்கத்தா அணி 24.75 கோடி ரூபாய்க்கு வாங்கியிருந்தது. ஐ.பி.எல். ஏலத்தில் அதுவரை எந்த வீரருக்கும் போகாத விலை அது. முதல் ஆட்டத்தில் நான்கு ஓவரில் 53 ரன் கொடுத்தார். விக்கெட் இல்லை. இரண்டாவது ஆட்டத்தில் நான்கு ஓவரில் 47 ரன். விக்கெட் இல்லை. எட்டு ஓவர், நூறு ரன், விக்கெட் பூஜ்யம்.

அந்த எட்டு ஓவரை வைத்து, 'ஸ்டார்க் முடிந்துவிட்டார்' என்றார்கள். பிளேஆஃப் முதல் தகுதி ஆட்டத்தில் அதே ஸ்டார்க் மூன்று விக்கெட் எடுத்தார். மே 26 அன்று நம் சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் மூன்று ஓவர் வீசி 14 ரன் மட்டும் கொடுத்து இரண்டு விக்கெட் சாய்த்தார். இரண்டிலும் ஆட்ட நாயகன் அவரே. எட்டு ஓவரை நம்பிப் பணம் கட்டியவன் எங்கே போய் நின்றான்? அடகுக் கடை வாசலில்.

மறுபக்கமும் பார்ப்போம். 2025 தொடருக்காக ரவிச்சந்திரன் அஸ்வினை சென்னை அணி 9.75 கோடி ரூபாய்க்கு எடுத்தது. சேப்பாக்கத்து மண்ணை அவரைவிட அறிந்த பந்துவீச்சாளர் யாரும் இல்லை. 'கண்ணை மூடிக்கொண்டு போடலாம்' என்றது அதே கணிப்புக் கூட்டம். அஸ்வின் அந்தத் தொடரில் ஆடியது ஒன்பது ஆட்டம். எடுத்தது ஏழு விக்கெட். சென்னை அணி கடைசி இடத்தில் முடித்தது. தடுமாறியவர் எழுந்தார். நிச்சயம் என்று சொல்லப்பட்டவர் தடுமாறினார். எட்டு ஓவர் என்பது 48 பந்து. 48 பந்தில் ஒரு பந்துவீச்சாளனின் தலையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவன் எவனும் இல்லை. படிக்கத் தெரியும் என்று சொல்லிக் காசு வாங்குபவன் மோசடிக்காரன்.

கணிப்பு பாதிக்குப் பாதி சரியாக இருந்தாலும் பணம் கட்டியவன் தோற்பான். பந்தயத்தின் கணக்கே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. நூறு ரூபாய் கட்டி ஜெயித்தால் லாபம் 90. தோற்றால் நஷ்டம் 100. நூறு முறை கட்டி ஐம்பது முறை ஜெயித்தவனுக்கு வந்தது 4,500. போனது 5,000. பாதிக்குப் பாதி சரியாகச் சொன்னவன் 500 ரூபாய் கடனாளி. ஆட்டம் ஆட்டமாக, இரவு இரவாக, இந்தக் கணக்கு மாறாது.

'செஷன்' பந்தயம் இதைவிடக் கொடியது. முதல் ஆறு ஓவருக்கு 48-50 என்று ரேட் வைப்பார்கள். ஐம்பது வரும் என்று ஒருவன் கட்டுகிறான். 48 வராது என்று இன்னொருவன் கட்டுகிறான். 49 வந்தால் இருவரும் தோற்றார்கள். இரண்டு பேர் பணமும் ஒரே பைக்குப் போகிறது. இதில் திறமை எங்கே இருக்கிறது?

கணிப்பு வியாபாரத்தின் தந்திரம் இன்னும் பழையது. 1,600 பேருக்குச் செய்தி அனுப்பு. பாதிப் பேருக்கு இந்த அணி ஜெயிக்கும் என்று சொல். மீதிப் பேருக்கு அந்த அணி என்று சொல். தோற்ற பாதியை விட்டுவிடு. ஜெயித்த 800 பேரை மறுபடி பிரி. நான்கு ஆட்டம் முடிந்ததும் 100 பேர் மிஞ்சுவார்கள். அந்த நூறு பேரும் நான்கு முறை சரியாகச் சொன்ன தீர்க்கதரிசியைக் கண்டதாக நம்புவார்கள். ஐந்தாவது ஆட்டத்துக்கு அம்மாவின் வளையல் போகும்.

எங்கள் மாவட்டம் முத்துக் குளித்த கரை. தூத்துக்குடியில் சிப்பியைத் திறக்கும் முன்பே ஆயிரக் கணக்கில் குவித்து ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று எடுத்தவனுக்குத் தெரியாது. அதிலும் அதிர்ஷ்டம் கலந்திருந்தது. ஆனால் ஏலம் பட்டப்பகலில் நடந்தது. அரசு அதிகாரி முன்னால் நடந்தது. சிப்பி கண்முன்னே கிடந்தது. இன்றைய பந்தயத்தில் நடத்துபவன் முகம் தெரியாது. சர்வர் எந்த நாட்டில் என்று தெரியாது. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்று தெரியாது. இழந்தவன் வீடு மட்டும் தெரியும். அது நம் பக்கத்து வீடு.

பதில் சொல்ல வேண்டியது யார்?

முதலாவதாக, சட்டம் செய்தவர்களும் சட்டத்தைத் தாமதித்தவர்களும். இணையச் சூதாட்டத்துக்கு எதிரான தமிழக அரசின் முந்தைய சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைக்க 2022 ஜூன் வந்துவிட்டது. அக்டோபர் 19 அன்று பேரவை மசோதாவை நிறைவேற்றியது. அது ஆளுநர் மாளிகையில் மாதக் கணக்கில் கிடந்தது. 2023 மார்ச்சில் திரும்பி வந்தது. மார்ச் 23 அன்று பேரவை மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7 அன்றுதான் ஒப்புதல் கிடைத்தது. ஒரு சட்டம் இருபது மாதம் இல்லாமல் இருந்தது. அந்த இருபது மாதத்தில் நாசமான குடும்பங்களுக்கு யாரும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இரண்டாவதாக, கையில் இருக்கும் சட்டத்தை உறங்க விடுபவர்கள். 2023ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. பணம் வைத்து இணையச் சூதாட்டம் ஆடினால் மூன்று மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். விளம்பரம் செய்தால் ஓராண்டுச் சிறை அல்லது 5 லட்சம். நடத்தினால் மூன்றாண்டுச் சிறை அல்லது 10 லட்சம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் விலக்குக் கொடுத்தது. சட்டத்தை நிலைநிறுத்தியது. கிரிக்கெட் பந்தயத்துக்கு அந்தத் தீர்ப்பில் எந்தச் சலுகையும் கிடையாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பண ஆட்டங்களைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். மாநிலச் சட்டம் இருக்கிறது. ஒன்றியச் சட்டமும் இருக்கிறது. 'ஐடி' மட்டும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் கிடைக்கிறது. இது எப்படி?

சட்டம் காகிதத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்று இந்த மாநிலத்துக்குத் தெரியும். லாட்டரி 2003இல் தடை செய்யப்பட்டது. 'மூணு நம்பர்' லாட்டரி நிற்கவில்லை. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பம், மூன்று பெண் குழந்தைகளோடு, அந்த மூணு நம்பரால் அழிந்தது. ஐந்து உயிர் போன பிறகுதான் ஊர் ஊராக ரெய்டு நடந்தது. உயிர் போன பிறகு வரும் ரெய்டு எங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவதாக, கிரிக்கெட்டை ஆளும் பி.சி.சி.ஐ. பந்துவீச்சாளனின் ஃபார்மைப் பார்த்துப் பணம் கட்டு என்று நாட்டுக்கே பாடம் நடத்தியது யார்? 2020இல் பேன்டசி நிறுவனமான டிரீம்11 நிறுவனத்துக்கு ஐ.பி.எல். பெயரையே 222 கோடி ரூபாய்க்குக் கொடுத்தார்கள். 2023இல் இந்திய அணிச் சட்டையின் நெஞ்சை 358 கோடி ரூபாய்க்குக் கொடுத்தார்கள். நீதிமன்றங்கள் பேன்டசி ஆட்டத்தைத் திறமை ஆட்டம் என்றன. ஆனால் பத்தாம் வகுப்புப் பையனுக்கு அது சொல்லிக் கொடுத்தது ஒன்றே: ஆட்டத்தைப் பார்க்காதே, பணம் கட்டு. 2025 ஆகஸ்டில் சட்டம் வந்த பிறகுதான் அந்த ஒப்பந்தம் முடிந்தது. சட்டம் பிடித்துத் தள்ளியதால் விலகினார்கள். தாமாக விலகவில்லை.

ஒன்றிய அரசும் இதில் தப்ப முடியாது. 2023 அக்டோபர் 1 முதல் பண ஆட்டங்களில் கட்டப்படும் முழுத் தொகைக்கும் 28 சதவீத ஜி.எஸ்.டி. வாங்கியது. ஆண்டுக்கு 45 கோடிப் பேர் சுமார் 20,000 கோடி ரூபாயை இழக்கிறார்கள் என்று சட்டம் கொண்டுவந்தபோது அதே அரசு கணக்குச் சொன்னது. வரி வாங்கிய நாட்களில் அந்தக் கணக்கு எங்கே இருந்தது?

மறுபடி பி.சி.சி.ஐ.க்கு வருவோம். டிரீம்11 விவகாரம் அதற்கு முதல் பாடமும் அல்ல. 2013 மே மாதம் ராஜஸ்தான் அணியின் மூன்று பந்துவீச்சாளர்களை டெல்லி போலீஸ் கைது செய்தது. ஒரு ஓவரில் 14 ரன்னுக்குக் குறையாமல் கொடுப்பதாகப் பேரம் நடந்தது, இடுப்பில் துண்டைச் செருகுவது அடையாளம் என்று போலீஸ் சொன்னது. 2015இல் டெல்லி நீதிமன்றம் அவர்களை வழக்கிலிருந்து விடுவித்தது. ஆனால் அந்த விசாரணையில் கிளம்பிய புழுதி சென்னை வரை வந்தது. சென்னை அணி நிர்வாகத்தில் இருந்த குருநாத் மெய்யப்பன் பந்தயம் கட்டியது நிரூபணமானது. நீதிபதி லோதா குழு 2015 ஜூலை 14 அன்று சென்னை, ராஜஸ்தான் அணிகளை இரண்டாண்டு இடைநீக்கம் செய்தது. மஞ்சள் சட்டை போட்ட பிள்ளைகள் இரண்டு வருடம் தலைகுனிந்து நின்றார்கள். அவர்கள் செய்த தவறு என்ன?

நம் மாவட்டத்தின் பெயரைச் சுமந்த தூத்துக்குடி அணி 2016இல் முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கோப்பையை வென்றது. ஊரே கொண்டாடியது. மூன்றே ஆண்டில், 2019இல், டி.என்.பி.எல். வீரர்களை முகம் தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் அணுகியது குறித்து பி.சி.சி.ஐ.யின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரணை நடத்தியது. பந்தயம் இருக்கும் இடத்துக்குப் பேரமும் வரும். பந்தயத்தை வளர்த்துவிட்டுப் பேரத்தை மட்டும் தடுக்க முடியாது.

அமெரிக்காவைப் பாருங்கள். 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு வழி திறந்தது. அங்கே பேஸ்பாலில் பந்தெறிபவரின் ஒவ்வொரு பந்துக்கும் பந்தயம் கட்டலாம். 2025 நவம்பரில் கிளீவ்லண்ட் அணியின் இரண்டு பந்தெறியாளர்கள் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. எந்தப் பந்தை எப்படி எறிவோம் என்று பந்தயக்காரர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள் என்பது குற்றச்சாட்டு. இருவரும் மறுத்திருக்கிறார்கள். வழக்கு முடியும் வரை பேஸ்பால் நிர்வாகம் காத்திருக்கவில்லை. ஒற்றைப் பந்தின் மீதான பந்தயத்துக்கு 200 டாலர் வரம்பு வைத்தது.

அதே ஆண்டு மே மாதம் ஹூஸ்டன் அணியின் லான்ஸ் மெக்கல்லர்ஸ் இரண்டரை ஆண்டுக் காயத்துக்குப் பிறகு திரும்பி வந்தார். இரண்டாவது ஆட்டத்தில் முதல் இன்னிங்ஸைக்கூட முடிக்காமல் ஏழு ரன் கொடுத்து வெளியேறினார். அன்றிரவு அவருக்கு வந்த செய்தி, உன் குழந்தைகளைக் கொல்வேன் என்பது. அனுப்பியவர் பணம் இழந்த ஒரு வெளிநாட்டுப் பந்தயக்காரர் என்று போலீஸ் கண்டுபிடித்தது. காயத்திலிருந்து எழுந்து வந்த மனிதனுக்கு ஒரு மோசமான நாள் வரக்கூடாதா? பந்தயம் அந்த மனிதனைப் பார்ப்பதில்லை. அவன் கையைப் பார்க்கிறது. கை தவறினால் பிள்ளையைத் தேடுகிறது.

நான்காவதாக, முகத்தை வாடகைக்கு விட்டவர்கள். பந்தயத் தளங்களின் மறைமுக விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 ஜூனிலும் அக்டோபரிலும் எச்சரித்தது. பந்தயத் தளங்கள் செய்தித் தளம் போல் வேடம் போட்டு வந்தன. 2025 நவம்பரில் அமலாக்கத் துறை, பந்தய நிறுவனமான ஒன்எக்ஸ்பெட் தொடர்பான வழக்கில் சுரேஷ் ரெய்னா, ஷிகர் தவான் இருவரின் 11.14 கோடி ரூபாய் மதிப்புள்ள சொத்துகளை முடக்கியது. தீர்ப்பு வரட்டும். ஆனால் 'சின்னத் தல' என்று இந்த மாநிலம் கொண்டாடிய ஒரு பெயர் அப்படிப்பட்ட வழக்கில் அடிபடுவதே எங்களுக்கு வலிக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்த முகத்தை நம்பியவர்கள்.

ஐந்தாவதாக, மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும். ஆள் பிடிபடுவது டீக்கடையில். பணம் போய்ச் சேர்வது கடல் கடந்து. நடுவில் இருப்பது வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்கு. மாதம் சில ஆயிரத்துக்குப் பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடுத்துவிட்டு, எதற்கு என்றே கேட்காத பையன்கள் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரே இரவில் நூறு இடத்திலிருந்து பணம் வந்து மறுநாள் காலையில் காலியாகிறது. வங்கிக்கு இது தெரியாதா? தெரிந்தால் ஏன் சொல்லவில்லை? தெரியாவிட்டால் எதற்கு வங்கி?

இழந்த பணத்தை மீட்க மறுபடி கட்டுகிறான். கட்டப் பணம் இல்லாதவன் வட்டிக்கு வாங்குகிறான். கந்துவட்டி என்ன செய்யும் என்று இந்த வட்டாரத்துக்குச் சொல்லித்தர வேண்டாம். 2017 அக்டோபர் 23 அன்று நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீயில் கருகியது. கந்துவட்டித் தடைச் சட்டம் அன்றைக்கும் இருந்தது. 2003 முதல் இருந்தது. அமல்தான் இல்லை. அதே தவறு இன்று போன் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கிறது.

ஆகவே கேட்கிறோம். கெஞ்சவில்லை. கேட்கிறோம்.

தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் ஒவ்வொரு மாதமும் அறிக்கை வெளியிட வேண்டும். எத்தனை தளம் முடக்கப்பட்டது, எத்தனை கணிப்புக் குழு மூடப்பட்டது, மாவட்டவாரியாக எத்தனை வழக்கு என்று தமிழில் வெளியிட வேண்டும்.

தூத்துக்குடி மாவட்டக் காவல் துறை, கட்டியவனைப் பிடித்து அபராதம் போட்டதைக் கணக்குக் காட்டக் கூடாது. 'ஐடி' விற்ற ஏஜென்டையும் அவனுக்கு மேலே இருப்பவனையும் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்.

வங்கிகள் வாடகைக் கணக்குகளை முடக்க வேண்டும். முடக்கத் தவறிய கிளைக்குப் பொறுப்பு நிர்ணயிக்க வேண்டும்.

பி.சி.சி.ஐ.யும் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் தங்கள் மைதானத்தில், திரையில், சட்டையில் பந்தயத்தின் நிழல்கூடப் படாது என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். ஓய்வுபெற்ற வீரர்களையும் அந்த உறுதிக்குள் கொண்டுவர வேண்டும்.

பணம் இழந்தவன் வெளியே சொல்ல வெட்கப்படுகிறான். அவனுக்குத் தண்டனைக்கு முன்னால் ஒரு வாசல் வேண்டும். தாலுகா மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள் மனநல ஆலோசகர் உட்கார வேண்டும். கந்துவட்டிப் புகாரை ஆட்சியர் அலுவலகம் அதே நாளில் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெருமாளுக்குக் கள்ளபிரான் என்று பெயர். காலதூஷகன் என்ற திருடன் பிடிபடவிருந்தபோது, அவன் உருவிலேயே பெருமாள் அரசன் முன் போய் நின்றார் என்று தலபுராணம் சொல்கிறது. திருடனை விசாரிக்க வந்த அரசன் கடைசியில் தானே பதில் சொல்ல வேண்டியதாயிற்று. செல்வத்தை வைத்துக்கொண்டு தருமம் செய்யத் தவறினாயே, அதனால்தானே களவு நடந்தது என்பதே அவனிடம் கேட்கப்பட்ட கேள்வி. தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. களவு நடந்தால் களவாண்டவனை மட்டும் கேட்டு நிறுத்துவது எங்கள் வழக்கம் இல்லை. காவல் காக்க வேண்டியவனையும் கேட்போம்.

அடுத்த தொடரின் முதல் பந்து விழும் முன் பதில் வர வேண்டும். கடனாளியின் வீட்டு வாசலில் இரங்கல் சொல்ல வரும் காரை நாங்கள் வரவேற்க மாட்டோம்.